தம்பியை யார் பார்த்துக்கொள்வது

ஜனவரி 11

அன்புள்ள தங்கைக்கு,

இங்கே எல்லாரும் சுகம். உன் சுகத்தை நாலு வரிக்குக் குறையாமல் எழுது. போனில் கேட்டால் "நல்லாயிருக்கேன்க்கா" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு வைத்துவிடுகிறாய். எக்ஸ்ரே அறையில் நாள் முழுக்க "மூச்சை அடக்குங்க, மூச்சை அடக்குங்க" என்று சொல்லிச் சொல்லி உனக்கே அது தொற்றிக்கொண்டது என்கிறார் உன் மாமா. பேனாவைக் கையில் கொடுத்தால்தான் நீ கொஞ்சமாவது வாயைத் திறப்பாய். அதனால்தான் இந்தக் கடிதம்.

வீட்டுக்கு இரண்டு பிள்ளைகள் வந்திருக்கிறார்கள். போன வருடம் நாங்கள் வளர்ப்புக் குடும்பமாகப் பதிவு செய்துகொண்டோம் என்று சொன்னேனே, நீ அதற்கு "ம்" என்று மட்டும் சொன்னாயே, அந்த விஷயம்தான். பெற்றவர்களால் பார்த்துக்கொள்ள முடியாத பிள்ளைகளைக் குழந்தைகள் நலத் துறை கொஞ்ச காலத்துக்கு ஒரு வீட்டில் விட்டு வைக்கும். அந்த வீடு இப்போது நம் வீடு.

பெண்ணுக்கு ஒன்பது வயது. பையனுக்கு மூன்று. அதிகாரி அழைத்து வந்தபோது அவள் அவனை இடுப்பில் வைத்திருந்தாள். நன்றாக நடக்கிற பிள்ளைதான். ஆனாலும் இறக்கவில்லை. இறங்கச் சொன்ன எங்களை ஒரு பார்வை பார்த்தாள் பார், டிக்கெட் இல்லாமல் ஏறியவனை என் பேருந்து கண்டக்டர் பார்க்கிற பார்வை அது. நேராகச் சமையலறைக்குப் போய் ஃபிரிட்ஜைத் திறந்து, "பால் எங்க வைப்பீங்க? அடுப்பு எப்படிப் பத்த வைக்கிறது?" என்று கேட்டாள். வணக்கம், பெயர், ஊர் எதுவும் கிடையாது.

அவர்களுடைய அம்மாவுக்குக் குடிப்பழக்கம். வெளியே போனால் எப்போது திரும்புவாள் என்று அவளுக்கே தெரியாதாம். பூட்டிய வீட்டுக்குள் இந்தப் பெண்தான் பிஸ்கட்டைத் தண்ணீரில் ஊறவைத்துக் கொடுத்துத் தம்பியை உயிரோடு வைத்திருக்கிறாள். கடைசியில் மேல்வீட்டுக்காரர் கதவை உடைத்திருக்கிறார்.

பிள்ளைகள் வந்த அன்றே உன் மாமா பட்டப்பெயர் வைத்துவிட்டார். அவள் மேனேஜர். அவன் பட்டாணி. பேக்கரியிலிருந்து கொண்டு வந்த பன்னை நீட்டினார். மேனேஜர் வாங்கி, பிய்த்து, முகர்ந்து, தான் ஒரு துண்டு தின்று, கொஞ்ச நேரம் காத்திருந்து, பிறகுதான் அவனுக்குக் கொடுத்தாள். மாமா உள்ளே போய்க் குழாயைத் திறந்து வெகுநேரம் முகம் கழுவினார்.

நெரிசலில் பேருந்து ஓட்டிப் பழகிய எனக்கே இது தெரியாத பாதை. இருந்தாலும் ஏற்றிக்கொண்டாயிற்று. இனி வழியில் இறக்கிவிடுகிற பேச்சே இல்லை. நீ நேரத்துக்குச் சாப்பிடு.

உன் அக்கா

---

ஜனவரி 30

அன்புள்ள அக்கா,

நலமாக இருக்கிறேன். நாலு வரி கேட்டாய் அல்லவா? வேலை இருக்கிறது. தூக்கம் வருகிறது. மெஷின் புதிது. ஈய மேலங்கி பழையது, தோள் வலிக்கிறது. கணக்குச் சரியா?

உனக்கு இந்த வம்பு எதற்கு என்றுதான் முதலில் எழுத நினைத்தேன். பேருந்தும் வீடுமே உனக்குச் சரியாக இருக்கிறது. மாமா விடியுமுன்னே அடுப்பு முன்னால் நிற்கிறவர். இந்தப் பிள்ளைகள் உன்னிடம் ஒட்டிக்கொண்ட பிறகு, வேறு இடம் கிடைத்துவிட்டது என்று ஒரு நாள் வந்து அழைத்துப் போவார்கள். அப்போது என்ன செய்வாய்?

அது போகட்டும். எங்கள் ஆஸ்பத்திரிக்கு இப்படிப்பட்ட பிள்ளைகள் வருவதுண்டு. அதனால் தெரிந்ததைச் சொல்கிறேன். அவள் தம்பியைத் தூக்கினால் குறுக்கே கை நீட்டாதே. அவள் முகத்துக்கு நேராக உட்கார்ந்து கேள்வி கேட்காதே. பக்கத்தில் உட்கார்ந்து வேறு ஏதாவது வேலை செய். வெளியே போகும்போது சொல்லிவிட்டுப் போ. வருகிற நேரத்தையும் சொல், சொன்ன நேரத்துக்கு வா. பேருந்து ஓட்டுகிறவளுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

மாமாவுக்கு என் வணக்கம்.

தங்கை

---

பிப்ரவரி 24

அன்புத் தங்கைக்கு,

உன் தோள் வலிக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு. புதிய மேலங்கி கேட்டு எழுது. வாயில்லாப் பூச்சியாக இருக்காதே.

எனக்குக் கையில் கட்டு. பதறாதே, கடி. பட்டாணிக்குக் காதில் வலி, ஒரே அழுகை. ஆஸ்பத்திரிக்குக் கிளப்பலாம் என்று நான் அவனைத் தூக்கினேன். மேனேஜர் அப்போது குளியலறையில் இருந்தாள். ஓடி வந்து என் முழங்கையில் பல்லைப் பதித்தாள். விடவேயில்லை. வலியில் நான் கத்திவிட்டேன். கத்தியதுதான் தாமதம், அவனை இழுத்துக்கொண்டு துணி அலமாரிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். உள்ளே ஒரு சத்தமும் இல்லை. காது வலியில் துடித்த பிள்ளைகூட வாயை மூடிக்கொண்டது. அந்த அமைதிக்கு எவ்வளவு பழகியிருக்கிறார்கள் என்று நினைத்துப் பார்.

நீ எழுதியது ஞாபகம் வந்தது. அலமாரிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, துவைத்த துணிகளை மடித்தேன். மடித்து முடித்ததும் உதறிவிட்டு மறுபடி மடித்தேன். உன் மாமா வந்து பார்த்து, ஒன்றும் கேட்காமல் அவரும் உட்கார்ந்து ஒரு சட்டையை எடுத்துக்கொண்டார். அவர் மடித்த லட்சணத்தைப் பார்த்து, "அப்படி இல்ல" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. கதவு கொஞ்சம் திறந்தது.

"அவனுக்குக் காது வலிக்குது. டாக்டர்ட்ட போகணும். நீதான் கூட்டிட்டுப் போகணும். நான் வண்டி ஓட்டுறேன். வேற என்ன செய்யணும்னு நீ சொல்லு" என்றேன்.

யோசித்துவிட்டு, "துண்டு எடுத்துக்கங்க" என்றாள்.

பிள்ளைகளுக்கான மனநல ஆலோசகர் ஒருவர் வாரம் ஒரு முறை வருகிறார். அவரிடம் நடந்ததைச் சொன்னேன். "தம்பியப் பாத்துக்கிற வேலைதான் அந்தப் பொண்ண இத்தனை நாள் நிமித்தி வச்சிருக்கு. பாவம் சின்னப் பொண்ணுன்னு அதைப் புடுங்கிடாதீங்க. அவகிட்ட வேலைக்குச் சேருங்க" என்றார். ஆக, இந்த வயதில் நான் ஒன்பது வயது மேனேஜரிடம் கையாளாகச் சேர்ந்திருக்கிறேன். இப்போதைக்கு என் வேலை, அவள் பட்டாணியைக் குளிப்பாட்டும்போது துண்டு பிடிப்பது. நேற்று பதவி உயர்வு கிடைத்தது. சோப்பு டப்பாவைத் திறந்து கொடுத்தேன். தண்ணீர்ச் சூடு பார்க்கிற அதிகாரம் இன்னும் வரவில்லை.

என்னை அவள் கூப்பிடுவது "டிரைவர்" என்று. "டிரைவர், துண்டு."

அக்கா

---

மார்ச் 9

அன்புள்ள அக்கா,

நலம். கடி ஆறிவிட்டதா? ஊசி போட்டுக்கொண்டாயா? மாமா மடித்த சட்டையை நினைத்து எக்ஸ்ரே அறையில் தனியாகச் சிரித்தேன். படுத்திருந்த பெரியவர், "என்னம்மா, எலும்பு அவ்ளோ மோசமாவா இருக்கு?" என்று பயந்துவிட்டார்.

பட்டாணியைப் பற்றி நீ சரியாக எழுதவில்லை. பேசுகிறானா? அவள் பள்ளிக்கூடம் போனால் அழுகிறானா, இல்லை வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறானா? தூங்கும்போது எதைப் பிடித்துக்கொள்கிறான்?

ஒன்று சொல்கிறேன், காரணம் கேட்காதே. அவன் தூங்கும்போது அவளைப் பள்ளிக்கு அனுப்பாதே. எழுப்பி, அவள் போவதை அவன் பார்க்கும்படி செய். அதேபோல அவள் பள்ளியில் இருக்கும்போது அவனை எங்கேயும் கூட்டிப் போகாதே. கடைக்குக்கூட. அவள் வரும்போது அவன் செருப்பு வாசலில் இருக்க வேண்டும்.

மாமாவைக் கேட்டதாகச் சொல்.

தங்கை

---

ஏப்ரல் 19

அன்புத் தங்கைக்கு,

உடம்பைப் பார்த்துக்கொள். போன கடிதத்தில் உன்னைப் பற்றி இரண்டே வரிதான். கவனித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

நீ சொன்னபடியே செய்கிறோம். மாமா மதியமே பேக்கரியிலிருந்து வந்துவிடுவதால், அவள் பள்ளிவிட்டு வரும்வரை பட்டாணியோடு வீட்டிலேயே கிடக்கிறார். அவள் தெருமுனையில் திரும்பியதும் அவனைத் தூக்கி ஜன்னலில் காட்டுகிறார். முன்பெல்லாம் ஓடி வருவாள். இப்போது நடந்து வருகிறாள்.

இனி சங்கதிக்கு வருகிறேன். அவர்களுடைய அம்மா, குடியை விடுவதற்காகச் சேர்த்திருந்த சிகிச்சை நிலையத்திலிருந்து போய்விட்டாள். எங்கே என்று தெரியவில்லை. பிள்ளைகளைப் பார்க்க வருவதும் நின்றுபோனது. எனவே நிரந்தரமாக ஒரு இடம் பார்க்கிறார்கள். புதிதாக ஒரு அதிகாரி வந்திருக்கிறார். கெட்டவர் இல்லை, காகிதக் கட்டுக்கு நடுவில் மூச்சுத் திணறுகிற மனிதர். அவர் சொல்கிறார், நல்ல வசதியான ஒரு தம்பதி பையனை மட்டும் தத்தெடுக்கக் கேட்கிறார்களாம். சின்னப் பிள்ளை, எல்லாவற்றையும் மறந்துவிடுவான், புது வாழ்க்கை கிடைக்கும் என்கிறார். "அக்காக்காரி அவனைப் பேசவே விட மாட்டேங்கிறா. எல்லாத்துக்கும் இவளே பதில் சொல்றா. பிரிச்சு வச்சாத்தான் ரெண்டுக்கும் நல்லது" என்றார்.

அவன் அதிகம் பேசுவதில்லை என்பது உண்மைதான். அவன் கண்ணை அசைத்தாலே அவளுக்குப் புரிந்துவிடுகிறது, பிறகு அவன் எதற்குப் பேசுவான்?

இரண்டு பேரையும் நாங்களே நெடுங்காலத்துக்கு வளர்க்கிறோம் என்று எழுதிக் கொடுத்தோம். வயது, ஷிப்ட் வேலை, சின்ன வீடு என்று ஒவ்வொன்றாகத் தட்டிக் கழித்தார். "உணர்ச்சிவசப்படாதீங்கம்மா" என்றார். நான் வசப்படவில்லை. பிரேக்கில் கால் வைத்த மாதிரி நிதானமாகத்தான் இருந்தேன். ஜூன் மாதம் குழு கூடி முடிவு செய்யுமாம். அதுவரை ஒவ்வொரு அலுவலகமாக ஏறி இறங்கப் போகிறேன்.

இந்த விஷயத்தில் உன் மனதில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். வேறு யாரிடமும் நான் இதைக் கேட்க முடியாது.

அக்கா

---

மே 26

அன்புத் தங்கைக்கு,

உன்னிடமிருந்து ஒரு வரியும் இல்லை. போனையும் எடுக்கவில்லை. ஆஸ்பத்திரிக்கே கூப்பிட்டுக் கேட்டதில், "டூட்டியில இருக்காங்க, நல்லாத்தான் இருக்காங்க" என்றார்கள். நல்லாத்தான் என்பதில் அந்த "தான்" எனக்குப் பிடிக்கவில்லை.

கேட்கக் கூடாததைக் கேட்டுவிட்டேனோ என்று உன் மாமாவிடம் புலம்பினேன். "கேட்டாச்சு. இனி அவளா வாயைத் திறக்கிறவரைக்கும் துணி மடி" என்றார்.

இங்கே மேனேஜருக்கு விஷயம் தெரிந்துவிட்டது. அதிகாரி பேசியது காதில் விழுந்திருக்கிறது. அழவில்லை, கடிக்கவில்லை. பள்ளி விட்டு வந்ததும் பட்டாணியை எதிரில் உட்காரவைத்துப் பாடம் நடத்துகிறாள். அவன் முழுப் பெயர். அவள் முழுப் பெயர். "பசிச்சா என்ன சொல்லணும்? வாயத் தொறந்து சொல்லணும். கண்ணக் காட்டினா அவங்களுக்குத் தெரியாது. சொல்லு, பசிக்குது." அவன் சிரிக்கிறான். அவள் சிரிக்கவில்லை. "உங்க அக்கா பேர் என்னன்னு கேட்டா?" என்கிறாள். அவன் சரியாகச் சொல்லும்வரை விடுவதில்லை.

நான் கூடத்தைப் பெருக்குகிற சாக்கில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். கையில் இல்லாததை வாக்குக் கொடுக்கக் கூடாது என்று ஆலோசகர் சொல்லியிருக்கிறார். "உங்க ரெண்டு பேரையும் ஒண்ணா வச்சுக்கணும்னு நான் போராடிட்டிருக்கேன்" என்று மட்டும் சொன்னேன். "ஜெயிப்பீங்களா?" என்றாள். "தெரியல. ஆனா விடமாட்டேன்" என்றேன். தலையாட்டினாள். அவளிடம் பொய் சொல்லாத பெரியவர்கள் குறைவு போலிருக்கிறது.

பதில் எழுத வேண்டாம். சுகம் என்று ஒரு சொல் போதும்.

அக்கா

---

ஜூன் 8

அன்புள்ள அக்கா,

சுகம்.

அந்த ஒரு சொல்லோடு தபாலில் போட்டுவிடத்தான் நினைத்தேன். மேலே எழுதாமல் இருக்க முடியவில்லை.

நான் உங்கள் வீட்டுக்கு வந்தபோது எனக்கு ஏழு வயது. உனக்குப் பதினான்கு இருக்கும். என் அம்மாவும் அப்பாவும் விபத்தில் போனதும், பெரியம்மா, அதாவது உன் அம்மா, என்னை எடுத்து வளர்த்தார், அவ்வளவுதான் எல்லாருக்கும் தெரிந்த கதை. நீயும் அன்றிலிருந்து என்னைச் சொந்தத் தங்கை என்றே சொல்லி வந்தாய். நானும் அதையே சொல்லிக்கொண்டேன். அதில் ஒரு குறையும் இல்லை. பெரியம்மா என்னை வளர்த்த வளர்ப்பில் ஒரு சொட்டுக் குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் எனக்கு ஒரு தம்பி இருந்தான், உனக்கும் தெரியும். பட்டாணி வயதுதான். ஒரு வீட்டால் இரண்டு பேரைத் தாங்க முடியாது என்று பெரியவர்கள் பேசி முடித்திருக்கிறார்கள். அப்பாவின் நண்பர் ஒருவர், பிள்ளை இல்லாதவர், அவனை எடுத்துக்கொண்டார். நான் பள்ளிக்கூடம் போயிருந்தேன். வந்தபோது வாசலில் அவன் செருப்பு இல்லை. தம்பி எங்கே என்றேன். "நல்ல எடத்துல இருக்கான்" என்றார்கள். அதற்குப் பிறகு நானும் கேட்கவில்லை. கேட்டால் என்னையும் எங்காவது நல்ல இடத்துக்கு அனுப்பிவிடுவார்களோ என்று பயம்.

அவனுக்கு நான்தான் தலை சீவிவிடுவேன். நடு வகிடு எடுத்தால் அழுவான், பக்கவாட்டில் எடுக்க வேண்டும். இதைப் புது வீட்டுக்காரர்களிடம் யார் சொல்லியிருப்பார்கள் என்று பல வருடம் யோசித்திருக்கிறேன். சிரிக்காதே.

உன் அதிகாரி சொல்கிறார், சின்னவன் மறந்துவிடுவான் என்று. இருக்கலாம். பெரியவளைப் பற்றி அவர் ஏதாவது சொன்னாரா? என்ன வேண்டும் என்று அவளிடம் யாராவது கேட்டார்களா? என்னிடம் யாரும் கேட்கவில்லை அக்கா. முடிவு அவர்களுடையதாகவே இருக்கட்டும். கேட்டிருக்கலாம்.

குழுவில் அவளைப் பேசவைக்கச் சொல். ஆலோசகரைக் கொண்டு எழுதிக் கேள். நான் லீவு போட்டுவிட்டேன். கூட்டத்து அன்று வருகிறேன். உள்ளே விடமாட்டார்கள், தெரியும். வெளியே பட்டாணியைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும் அல்லவா?

தங்கை

---

ஜூன் 25

அன்புத் தங்கைக்கு,

நீ பத்திரமாகப் போய்ச் சேர்ந்தது தெரிந்தது. அன்று மேனேஜர் பக்கத்திலேயே நின்றதால் உன்னிடம் எதையும் சொல்ல முடியவில்லை. உனக்கும் ரயிலுக்கு நேரமாகிவிட்டது. கட்டிப்பிடித்ததோடு சரி. உள்ளே நடந்ததை இப்போது எழுதுகிறேன்.

நீள மேசை. நடுவில் குழுத் தலைவி, கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிக்கொண்டு அதையே தேடுகிற அம்மாள். ஒரு பக்கம் அதிகாரி, மறுபக்கம் ஆலோசகர். முதலில் எங்களைக் கேட்டார்கள். எனக்குக் காலை ஷிப்ட் மட்டும் தர டிப்போவில் ஒப்புக்கொண்டதைச் சொன்னேன். மாமா மதியமே வீட்டுக்கு வந்துவிடுவதைச் சொன்னார். அதிகாரி அந்தத் தம்பதியின் வீடு, தோட்டம், படிப்பு எல்லாம் சொன்னார். அதுவும் பொய்யில்லை.

பிறகு ஆலோசகர், பெண்ணைக் கேட்க வேண்டும் என்றார். "சின்னப் பிள்ளைய இதுக்குள்ள இழுக்க வேணாம்னு பார்த்தோம்" என்றார் தலைவி.

"அவ ஏற்கனவே இதுக்குள்ளதாங்க இருக்கா" என்றேன். என் குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. மாமா மேசைக்கடியில் என் காலை மிதித்தார்.

அழைத்து வந்தார்கள். நாற்காலியில் உட்காரமாட்டேன் என்று நின்றாள். தலைவி நல்ல விதமாக, "உன் தம்பியைப் பத்திச் சொல்லும்மா" என்றார்.

மேனேஜர் கையைக் கட்டிக்கொண்டு சொல்ல ஆரம்பித்தாள். "அவனுக்கு இடது காதுதான் வலிக்கும். குளிச்சதும் தொடச்சு விடணும். பால்ல ஆடை இருந்தா குடிக்க மாட்டான், வடிகட்டணும். இருட்டுனா பயம் இல்ல, ஆனா கதவு பூட்டுற சத்தம் கேட்டா பயம், அதனால மெதுவாப் பூட்டணும். கோவிச்சா அழ மாட்டான், மூச்சை அடக்கிக்குவான். முதுகைத் தடவினா விட்டுருவான். அடிச்சா விட மாட்டான்."

எனக்கு முதலில் புரியவில்லை. பிறகு ஆலோசகர் முகத்தைப் பார்த்தேன். புரிந்தது. முடிவாகிவிட்டது என்று நினைத்துவிட்டாள். தம்பியை ஒப்படைத்துக்கொண்டிருக்கிறாள். ஷிப்ட் முடிந்து இறங்குகிற டிரைவர், அடுத்து ஏறுகிறவரிடம் வண்டியில் என்ன கோளாறு என்று சொல்லிவிட்டுப் போவாரே, அப்படி.

அதிகாரி எழுதுவதை நிறுத்திவிட்டார்.

"சரிம்மா. உனக்கு என்ன வேணும்?" என்றார் தலைவி.

"வடிகட்டி வேணும். அவங்க வீட்டுல இருக்குமான்னு தெரியல."

"அவனுக்கு இல்ல. உனக்கு."

"எனக்கா?" என்று திரும்பி என்னைப் பார்த்தாள். கேள்வி சரியாகக் காதில் விழுந்ததா என்று சந்தேகம் அவளுக்கு. யாரும் அவசரப்படுத்தவில்லை. பிறகு குரல் மாறிவிட்டது. ஒன்பது வயதுக் குரல்.

"நான் அவனைப் பேச விடுவேன். எல்லாத்தையும் நானே செய்ய மாட்டேன். டிரைவருக்குக் குளிப்பாட்டத் தெரியும், குடுத்துடறேன். பேக்கரிக்காரர் சோறு ஊட்டட்டும். எனக்கு... அவன் இருக்கிற வீட்டுல இருக்கணும். அவ்ளோதான்."

பேரம் பேசினாள், தங்கையே. தன் வேலையை எல்லாம் கழற்றிக் கொடுத்து, கூட இருக்க இடம் கேட்டாள்.

எங்களை வெளியே அனுப்பாமலே தலைவி இரண்டு பக்கமும் ஏதோ கேட்டார். அதிகாரிதான் முதலில் சொன்னார், "நான் என் பரிந்துரையை மாத்திக்கிறேன்." அதைச் சொல்ல அவருக்கும் நெஞ்சில் தெம்பு வேண்டும், நான் மறுக்க மாட்டேன். இரண்டு பேரும் நம் வீட்டில், சேர்ந்தே. வருடம் ஒரு முறை வந்து பார்ப்பார்கள்.

"வேலைய எல்லாம் குடுக்க வேணாம். பாதி குடு" என்று வெளியே வரும்போது அவளிடம் சொன்னேன். யோசித்துச் சொல்கிறேன் என்றாள்.

அக்கா

---

ஜூலை 13

அன்புள்ள அக்கா,

நலம். தோள் பரவாயில்லை. புது மேலங்கி வந்துவிட்டது, கேட்டு வாங்கினேன்.

உன் கடிதத்தை ஓய்வறையில் வைத்துப் படித்தேன். இனிமேல் வீட்டுக்கு எழுது, ஆஸ்பத்திரி விலாசத்துக்கு வேண்டாம். எல்லார் முன்னாலும் மூக்கைச் சிந்த வேண்டியிருக்கிறது.

நீங்கள் உள்ளே இருந்தபோது அந்த நீளத் தாழ்வாரத்தில் நானும் பட்டாணியும் ஜன்னலில் வண்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தோம். முதலில் என் மடிக்கு வரவில்லை. ஒரு கை தூரத்தில் நின்றான். பிறகு தானே வந்து, ஏறி, சாய்ந்து, தூங்கிவிட்டான். மூன்று வயதுப் பிள்ளை தூங்கினால் கனத்துவிடும் என்பதை என் கை மறக்கவில்லை. கதவு திறந்து நீங்கள் வந்தபோது உன் முகத்தைப் பார்க்காமல் அவள் முகத்தைத்தான் பார்த்தேன். அவள் நேராக வந்து அவன் செருப்பைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்து, "கால் மரத்திருக்குமே, மாத்திக்கவா?" என்றாள். "வேணாம், நீ உக்காரு" என்றேன். உட்கார்ந்தாள்.

அக்கா, ஒன்று கேட்கிறேன். அப்பாவின் அந்த நண்பர் யார், எந்தப் பக்கம் போனார், பெரியம்மா எப்போதாவது சொல்லியிருக்கிறாரா? தெரிந்தால் எழுது. தெரியாவிட்டால் தெரியாது என்று எழுது. நான் வேறு வழியில் தேடிக்கொள்கிறேன். தேடுவது முடிவாகிவிட்டது.

தங்கை

---

ஆகஸ்ட் 2

அன்புத் தங்கைக்கு,

எல்லாரும் சுகம். சுகம் என்றால் நிஜமாகவே.

நீ கேட்டதற்கு முதலில் பதில். அம்மா ஒரே ஒரு முறை பேச்சுவாக்கில் சொன்னார். அந்த நண்பர் கரிந்த மோட்டாருக்குச் செப்புக் கம்பி சுற்றிப் பழுதுபார்க்கிறவர். துறைமுகம் இருக்கிற ஊருக்குப் போய், ரயில் பணிமனைக்குப் பின்னால் கடை போட்டார். உன் தம்பியும் அதே தொழிலில் இருக்கிறான் என்று கேள்விப்பட்டதாகவும் சொன்னார். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். அந்த ஊர் உன் இடத்திலிருந்து ரயிலில் அரை நாள் பயணம். கூட நான் வரட்டுமா? ஒரு வார்த்தை சொல், அடுத்த ரயிலில் இருப்பேன்.

இனி வீட்டுச் சேதி. நேற்று பள்ளி விடுமுறை. எதிர்வீட்டுப் பெண்களோடு மேனேஜர் கீழே கயிறு தாண்டப் போனாள். எப்போதும் பத்து தாண்டலுக்கு ஒரு முறை மேலே ஓடி வந்து அவனைப் பார்த்துவிட்டுப் போவாள். நேற்று வரவில்லை. வெயில் சாய்ந்தது, வரவில்லை. பட்டாணி, "பசிக்குது" என்று வாயைத் திறந்து சொன்னான். மாமா முட்டை வேகவைத்து ஊட்டினார். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். யாரோ அவளை ஏமாற்றித் தாண்டிவிட்டதாகப் பெரிய சண்டை. அவள் இடுப்பில் கைவைத்துக் கத்திக்கொண்டிருந்தாள். முகமெல்லாம் புழுதி.

கால் வலிக்க மேலே வந்து, தண்ணீர் குடித்து, "எனக்குப் பசிக்குது" என்று தட்டை எடுத்து வைத்துச் சாப்பிட்டாள். பாதி சாப்பிட்ட பிறகுதான் கை நின்றது. "அவன் சாப்ட்டானா?" என்றாள்.

"எப்பவோ" என்றார் மாமா.

"நான் மறந்துட்டேன்" என்றாள். முகம் வெளுத்துப்போனது.

"சரி, மறந்தா என்ன? நாங்க மறக்கல" என்றேன்.

கொஞ்ச நேரம் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு மீதியையும் சாப்பிட்டு முடித்தாள். இன்னும் ஒரு முட்டை கேட்டாள்.

அக்கா

---

செப்டம்பர் 14

அன்புள்ள அக்கா,

நீ வர வேண்டாம் என்று தந்தி மாதிரி ஒரு வரி எழுதினேனே, கோபித்துக்கொள்ளாதே. தனியாகப் போக வேண்டும் போலிருந்தது. போய் வந்துவிட்டேன்.

பணிமனைக்குப் பின்னால் ஒரே வரிசையில் கடைகள். கேட்டுக்கேட்டுப் போனேன். கடைசிக் கடையில் ஒரு ஆள் முக்காலியில் உட்கார்ந்து செப்புக் கம்பியைச் சுற்றிக்கொண்டிருந்தார். நரைக்கத் தொடங்கிவிட்டது. தலையைப் பக்கவாட்டில் வகிடெடுத்துச் சீவியிருந்தார். அப்படி எல்லாரும்தான் சீவுகிறார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

"என்ன மோட்டார்?" என்றார், நிமிராமல்.

நான் யார் என்று சொன்னேன். ரயிலில் எத்தனையோ விதமாக ஒத்திகை பார்த்திருந்தேன், எல்லாம் போய்விட்டது. அப்பா பெயர், அம்மா பெயர், என் பெயர், அவ்வளவுதான் வந்தது. பட்டாணிக்கு அவள் பாடம் நடத்தினாளே, அது மாதிரிதான் ஒப்பித்தேன்.

அவர் கம்பியைக் கீழே வைக்கவில்லை. வைத்தால் சுற்று அவிழ்ந்துவிடும். கையில் பிடித்தபடியே என்னைப் பார்த்தார்.

"அக்கா ஒருத்தங்க இருந்ததா அப்பா கடைசி காலத்துல சொன்னாரு. எங்க தேடுறதுன்னு தெரியல" என்றார். கம்பியை இழுத்துப் பிடித்துக்கொண்டு, "நான் பொய் சொல்ல விரும்பல. எனக்கு உங்க முகம் ஞாபகம் இல்ல. அந்த வீடு, பெத்த அம்மா அப்பா, எதுவுமே ஞாபகம் இல்ல" என்றார்.

இதைக் கேட்டால் உடைந்துவிடுவேன் என்று நினைத்திருந்தேன் அக்கா. உடையவில்லை.

"பரவாயில்ல. எனக்கு இருக்கு. ரெண்டு பேருக்கும் போதுற அளவு இருக்கு" என்றேன்.

அவர் அந்தச் சுற்றை முடித்து, நுனியை முடிச்சுப் போட்டு, கத்தரித்தார். எழுந்து ஷட்டரைப் பாதி இறக்கினார். தான் உட்கார்ந்திருந்த முக்காலியை என் பக்கம் தள்ளிவிட்டு, ஒரு மரப்பெட்டியை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்தார்.

"சொல்லுங்க" என்றார். "மொதல்லேர்ந்து."

உன் தங்கை